நாலு மாதம் கேட்காத வசவு

தேனியிலிருந்து கோம்பைக்குப் போகும் பேருந்தில், காய்கறிப் பையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: “மதினி, காலையில எம்மக என்னைய வஞ்சுட்டா.”

“பெத்தவள வையிறா, நீ பல்லக் காட்டுற!”

“‘இது கொழம்பா, கடல்தண்ணியா?’னு கேட்டா மதினி.”

“கீமோ ஏத்துற புள்ள. கோவம் வரத்தேன் செய்யும்.”

“கோவமில்ல மதினி. நாலு மாசமா எதக் குடுத்தாலும் ‘நல்லாருக்கும்மா’ம்பா. ஒருநா உப்பே போடாமக் குடுத்துட்டேன். அன்னைக்கும் ‘நல்லாருக்கும்மா’ன்னா. நாக்குல ருசியே இல்லாம எனக்காகத் தின்னுருக்கா. அடுப்படியில நின்னு அழுதேன்.”

மற்றவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மருந்து நல்லாக் கேக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாக. இன்னும் ரெண்டு கீமோதேன். ருசி மெல்ல வரும்னாக. வந்துருச்சு மதினி! அந்தப் புண்ணியவதி நல்லாருக்கணும்.”

சின்னமனூரில் கூட்டம் ஏறியது. இருவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

“அப்ப ராத்திரிக்கு என்ன கொழம்பு?”

“அதே புளிக்கொழம்புதேன். உப்பு ஒரு கல்லு கூடவே போடப்போறேன். இன்னொருக்கா வையட்டும்.”