குறுக்க வந்த மாடு

காபி அப்புறம் போடச் சொல்லுய்யா, முதல்ல நான் சொல்றதக் கேளு. மூணு மாசம் மக வீட்டுல இருந்துட்டு வந்திருக்கேன், வெளிநாட்டுல, என்ன பாத்தேன்னு என் வண்டியில இருபது வருஷம் விசில் ஊதின நீயே கேக்கலன்னா எப்படி? அருவியா? அருவியாவது ஒண்ணாவது. பஸ்தான் பாத்தேன். சிரிக்காத. ஆயுசு பூரா பஸ் ஓட்டினவன் அங்க போயும் பஸ்லதான் சுத்தினேன். மருமகன் மூஞ்சியையே எவ்வளவு நேரம் பாக்குறது?

டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல உக்காந்துக்குவேன். அங்க கண்டக்டரே கிடையாது, நிம்மதி. ஆனா எறங்குறவன் ஒருத்தன் பாக்கியில்லாம டிரைவருக்கு நன்றி சொல்லிட்டு எறங்குறான்யா! ஒரு கிழவி, கம்பு ஊனி படியில கால வைக்கவே அரை நாள் ஆகுது, அதுவும் நின்னு திரும்பிச் சொல்லுது. எனக்கு எரிச்சல். சம்பளத்துக்குத்தானே ஓட்டுறான், என்ன மலையப் புரட்டிட்டான்? நமக்கு எவன் சொன்னான்? வண்டிய ஓட்டுறியா உருட்டுறியான்னுதானே கேட்டானுங்க.

சரி, நாமளும் சொல்லிப் பாப்போம்னா, வாய் வரலய்யா. நாலு நாள் ஊமையா எறங்கினேன். அஞ்சாம் நாள் அதே யோசனையில ஸ்டாப்ப விட்டுட்டு ரெண்டு மைல் நடந்தேன். ஆறாம் நாள் கண்ண மூடிக்கிட்டுத் தமிழ்லயே சொல்லிட்டேன். அந்தாளு என்னமோ புரிஞ்ச மாதிரி ஒரு கையத் தூக்கினான். எறங்கி நின்னு அழுதேன். அவனுக்காக இல்ல.

யாருக்காகவா? கேக்குறான் பாரு, ஒண்ணும் தெரியாத பாப்பா.

நம்ம வண்டி மரத்துல மோதிச்சே, அந்த விசாரணையில நீதானே சாட்சி. மாடு குறுக்க வந்துச்சுன்னே. ஆபீசர் என்ன நிறம்னு மடக்கினாரு. யோசிக்கவே இல்ல, செவலைன்னே. அவரு நம்பல. உடனே உன் பொண்ணு தலை மேல சத்தியம் பண்ணிட்டே. அதுல என் வேலை தப்பிச்சுது, என் மக படிச்சா, ஏரோப்ளேன் ஏறினா. நானும் வெக்கமில்லாம பத்தொன்பது வருஷமா உன்கிட்டயே அந்த மாட்டத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்.

டிவிய ஏன் பாக்குற, இங்க பாரு. மாடு எதுவும் வரலய்யா. நான் கண்ணசந்துட்டேன். நீ முன்படியிலதானே நின்னே, பாத்தே.

சரி, நான் கெளம்புறேன். காபி வேணாம், நீயே குடி. இரு, செருப்ப மாட்டிக்கிறேன்.

அந்த மாட்டுக்கு ரொம்ப நன்றிய்யா.