தும்பிக்கு வைத்த தொட்டி

மே மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை, சிப்பிகாட்டிலிருந்து போர்ட் பிளேர் வரும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“எங்க வீட்டுக்காரர் விட்ட மீனு, தும்பிக் குஞ்செல்லாத்தையும் தின்னுடுச்சுக்கா.”

“தும்பிக்கு ஏதுடி குஞ்சு?”

“தண்ணிக்குள்ளதான் வளரும். தும்பி வரட்டும்னுதானே தோட்டத்துல தொட்டி கட்டி அல்லி வெச்சேன். வந்து முட்டையும் போட்டுச்சு. கொசு வரும்னு இவர் கப்பி மீன் கொண்டாந்து விட்டுட்டார். கொசுப்புழுவை அந்தக் குஞ்சே தின்னுருக்கும்.”

“அச்சா, மீனை அள்ளி யாருக்காச்சும் குடுத்துடு.”

“எப்படிக்கா? ரிட்டயர் ஆனதுலேர்ந்து வாயே திறக்காம உக்காந்திருந்த மனுஷன். இப்ப எழுந்ததும் தொட்டிகிட்டப் போய் மீனோட பேசறார்.”

“உன்கிட்ட?”

“பேசறாரே. ‘மீனுக்குத் தீனி போட்டியா’ன்னு கேக்கறார்.”



“அப்ப மீன் இருக்கட்டும்டி.”

“இருக்கட்டும்க்கா. தும்பிக்கு வீட்டுக்குப் பின்னால வேற தொட்டி வெக்கப்போறேன். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அதுலயும் மீன் விட்டுடுவார்.”