இசபெல்லாவின் கன்னத்துக் கீறல்

நல்ல உளுந்து கையில் கிடைத்தால் செல்வநாயகி வடை சுடாமல் விடமாட்டாள். ஆகவே கொஞ்சம் பொறுங்கள், கணேசமூர்த்தி. மழைக்குள்ளே ஆக்லாந்தின் தெற்கே மனுரேவாவிலிருந்து நீங்கள் காரோட்டி வந்தது என் நாணயங்களைப் பார்க்கத்தான் என்பது தெரியும். ஆனால் என் மனைவியின் கையால் ஏதாவது தின்னாமல் இந்த வீட்டிலிருந்து ஒருவரும் போனதில்லை. அடுப்புக்கு மேலுள்ள காற்றாடி போடுகிற சத்தத்தில் நாம் கதைப்பது அவளுக்குக் கேட்காது. அதுவும் ஒரு வசதிதான்.

உங்கள் கையில் இருப்பது இசபெல்லா. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றில், சிகாகோவில் நடந்த பெரிய கண்காட்சியின் நினைவாக அமெரிக்கர்கள் அடித்த கால் டாலர். ஒரு பக்கம் முடிசூடிய ஸ்பெயின் ராணி, மறுபக்கம் முழந்தாளிட்டு நூல் நூற்கும் ஒரு பெண். பக்கத்தில் இருக்கிற பெரியது லஃபாயெட் டாலர். ஓரத்தில் கிடப்பது கொலம்பஸ் அரை டாலர்; அதைக் கண்காட்சியில் விற்றுத் தீர்க்க முடியாமல் கடைசியில் சில்லறையோடு சில்லறையாகச் செலவுக்கு விட்டுவிட்டார்கள், இன்றைக்கும் மலிந்து கிடக்கிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆக்லாந்துக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவன், தான் பழகிய வீட்டில் விட்டுப்போன தகரப்பெட்டியில் இருந்தவை இவை எல்லாம். பென்ரோஸில் என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரருடைய தாயிடம் வாங்கினேன்.

லென்சை எடுத்தவுடனே, "ஐயோ, யாரு அண்ணே இதைத் தேய்ச்சது?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நாணயம் சேர்க்கிற எவனும் நாணயத்தைத் துடைக்கமாட்டான். தேய்த்தால் பளபளக்கும், ஆனால் பிறகு அதைச் சீந்துவார் இல்லை. வெள்ளியின் நிறைக்கு என்ன விலையோ அவ்வளவுதான். செல்வநாயகி தேய்த்தாள் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த பதில். அதையே முதலில் சொல்கிறேன்.

தவராசா அவளுடைய தம்பி. தாய் செத்தபோது அவன் கைக்குழந்தை. இவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். எங்களுக்குப் பிள்ளையில்லை, ஆகவே பிள்ளை என்றாலும் அவளுக்கு அவன்தான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அவன் கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒளிந்து கிடந்தான். ஏஜென்சிக்காரனுக்குப் பணம் கட்டினால் ஜெர்மனிக்கு ஏற்றிவிடுவான் என்று பேச்சு. எங்களிடம் இருந்ததெல்லாம் வீட்டு மோர்ட்கேஜில் போய்விட்டது. "இஞ்சாருங்கோ, அந்த அமெரிக்கன் காசுகளை வித்தால் என்ன?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ஓம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை நகரத்திலிருந்து ஒரு வியாபாரி வீட்டுக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடானது.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போலச் சாமியறை வெள்ளித் தட்டுகளை மினுக்கினாள். எங்கள் வீடுகளில் வெள்ளிச் சாமானைத் திருநீறு போட்டுத்தான் தேய்ப்பது. வாங்க வருகிறவன் கண்ணுக்கு நாணயமும் வடிவாக இருக்கட்டுமே என்று நினைத்திருக்கிறாள். நான் வேலையால் வீடு வர, வாசலிலேயே நின்றாள். "பாருங்கோ, எப்பிடி மினுங்குது எண்டு. நல்ல விலை தருவான், என்ன?" அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

ஞாயிறு வியாபாரி வந்தார். ஒவ்வொன்றாகத் தூக்கினார், லென்சால் பார்த்தார், வைத்தார். யார் துடைத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். தேநீர்த் தட்டோடு நின்ற செல்வநாயகியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். வெள்ளி நிறைக்கு ஏதோ ஒரு தொகை சொன்னார், அது ஏஜென்சிக்காரனுக்கு எந்த மூலைக்கும் காணாது. லொட்ஜ்காரன் இனிமேல் இருக்கவிடமாட்டேன் என்றதும் தவராசா யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினான். வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்தி அவனை இறக்கிக்கொண்டு போனார்கள். பிறகு அவனை ஒருவரும் காணவில்லை.

போனை எடுத்தது நான்தான். சொன்னதும் அவள் குழறி அழவில்லை, குழாயடிக்குப் போய் நெற்றியைக் கழுவினாள். "இந்தக் கையாலைதானே அவனைத் துலைச்சனான்" என்றாள். அன்றிலிருந்து அவள் திருநீறு பூசுவதில்லை. அதைத் தொடுவதுமில்லை. கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டாளா என்றுகூடச் சனம் கேட்டது. அவளை ஒன்றும் கேளாதேங்கோ, நான் எப்போதோ மன்னித்துவிட்டேன் என்று ஆள் ஆளாகச் சமாதானம் சொன்னவன் நான்.

"ஆனா திருநீறு போட்டா இவ்வளவு ஆழமா கீறாதே, அண்ணே" என்கிறீர்கள். இத்தனை வருடத்தில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. உங்களுக்கு நல்ல கண். கீறாதுதான், திருநீறு மாவைப் போன்றது. கொலம்பஸைப் பாருங்கள், முகம் வெறும் மினுக்கம்தான். அவள் தேய்த்தது அது ஒன்றை மட்டும். அது பழுதானால் யாருக்கு என்ன நட்டம்? மற்றவற்றைக் குளியல் தொட்டி கழுவுகிற பவுடர் போட்டு நான் தேய்த்தேன். சனிக்கிழமை காலையில், அவள் தம்பிக்காக நேர்ந்துகொண்டு சிநேகிதி சரோஜாதேவி வீட்டுப் பஜனைக்குப் போயிருந்த நேரம்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். என் பக்கத்தையும் யோசிக்கவேண்டும். பென்ரோஸ் வேலைத்தலத்தில் எனக்கு 'நவ்' என்று பெயர். முழுப் பெயரைச் சொல்ல அவர்களுக்குப் பஞ்சி, அவ்வளவு சோம்பல். நாணயச் சங்கத்தில்தான் நான் மிஸ்டர் நவரத்தினம். அங்கே கதிரையை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்வார்கள். இவற்றை விற்றுவிட்டு அங்கே போய் நான் யார் என்று நிற்பது? விற்கமாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம், ஆனால் அவள் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைப்பாள். எனக்கு அது தாங்காது. பழுதான நாணயத்தை ஒருவனும் கொண்டுபோகமாட்டான், என்னிடமே கிடக்கும். சங்கத்திலும் மதிப்புக் குறையவில்லை. மனைவி அறியாமல் செய்த பிழையைப் பொறுத்துக்கொண்ட மனிதன் என்று இப்போது இன்னும் மரியாதை.

இசபெல்லாவைத் தேய்க்கும்போது நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கன்னத்தில் அந்த முதல் கீறல் விழுந்தபோது என் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. தவராசாவுக்கு அழ எனக்கு நேரம் கிடைக்கவில்லை, செல்வநாயகியைத் தேற்றுகிற வேலை இருந்தது. எப்படியும் வேறு வழியில் வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். எத்தனை பேர் வந்தார்கள்.

ஒரு தரம் அவள் கேட்டாள்தான். வியாபாரியின் கார் போன பிறகு, "நான் ஒண்டைத்தானே தேய்ச்சனான்?" என்றாள். "எல்லாத்தையும்தான் தேய்ச்சனீர். உமக்கு இப்ப தலை ஒரு நிலையிலை இல்லை" என்றேன். தம்பியின் நினைப்பில் தேத்தண்ணிக்கு உப்புப் போட்ட நாட்கள் அவை, ஆகவே நம்பினாள். உள்ளங்கைகளை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குரலை உயர்த்தவேயில்லை.

"அக்காகிட்ட சொல்லிடுங்க அண்ணே" என்று நீங்கள் சொல்வது சுலபம். அவள் இதோடு வாழப் பழகிவிட்டாள். வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள். இப்போது போய் உண்மையைச் சொன்னால் அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே ஆளும் இல்லாமல் போய்விடுவான். அவளுக்காகத்தான் நான் இதைச் சுமக்கிறேன். காற்றாடி நின்றுவிட்டது, வருகிறாள்.

"சூட்டோடை சாப்பிடுங்கோ தம்பி. உந்தக் காசுகளையே பாக்கிறியள்? உது நான் பழுதாக்கினது. எவ்வளவு பெறுமதியான சாமான். இவர் எனக்கு இண்டைவரைக்கும் ஒரு சொல்லுச் சொன்னதில்லை."

"அதை விடும் செல்வநாயகி. பழைய கதை."

"வேறை மனிசன் எண்டால் என்னை அண்டைக்கே அடிச்சுக் கலைச்சிருப்பான், தம்பி. நான் செய்த புண்ணியம்."

கேட்டீர்கள்தானே? அவள் சட்னி எடுக்கப் போய்விட்டாள், இனிப் பயமில்லாமல் கதைக்கலாம். எங்கே எழும்புகிறீர்கள், கணேசமூர்த்தி? ஒரு வடையாவது கடித்துவிட்டுப் போங்கள். தொடாமல் போனால் அவள் மனம் நோகும், அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.