இருமாமல் இருக்கும் விளையாட்டு

நான்கு வயதுக் குழந்தைக்கு எந்த விளையாட்டையும் ஒரே மாலையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். என் மகன் டிரேவர் இன்னும் சீக்கிரம் கற்றுக்கொள்வான். தோற்பது அவனுக்குப் பிடிக்காது.

ஷோபா உங்களிடம் சொன்னது உண்மைதான், இன்ஸ்பெக்டர் சார். அவள் என் மனைவி லீனாவின் தங்கை. பொய் சொல்ல வராது. அவளுக்குத் தெரியாததை நான் சொல்கிறேன்.

லீனா நிமோனியாவில் இறந்தாள். காய்ச்சல் வந்தபோது டாக்டர், "ரெண்டு நாள் பாக்கலாம்" என்றார். பார்த்தோம். கடைசியில் அவள் மூச்சு நின்று நின்று வந்தது. அடுத்த வருஷம் டிரேவருக்கும் தூக்கத்தில் அதே மாதிரி மூச்சு. மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். அதுவரை அவன் பக்கத்தில் படுத்து, மூச்சு நிற்கும்போதெல்லாம் தட்டி எழுப்பினேன். விடிந்ததும் வைட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போனேன்.

ஆபரேஷனுக்கு இரண்டு முறை போனோம். இரண்டு முறையும் அவனுக்குச் சளி. திருப்பி அனுப்பியவர் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஸ்ரீரஞ்சனி. சளி பிடித்த குழந்தையின் தொண்டையை மயக்கத்தில் லேசாகச் சீண்டினாலும் குரல்வளை இறுக மூடிக்கொள்ளும், ஆக்சிஜனை வெளியிலிருந்து அழுத்தினாலும் உள்ளே போகாது, சின்ன உடம்பு அதிக நேரம் தாங்காது என்று விளக்கினார். பொறுமையாகத்தான் விளக்கினார். "சளி நல்லா போய் நாலு வாரம் ஆகட்டும், பாக்கலாம்" என்று முடித்தார்.

அந்த 'பாக்கலாம்' என்ற ஒரு சொல்லை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

மூன்றாவது முறை குறித்த ஆபரேஷன் தேதிக்கு முந்தின நாள் மறுபடி சளி. ஷோபா வந்திருந்தாள்.

"மாமா, புள்ள லொக்கு லொக்குன்னு இருமுறான். போன் பண்ணி டேட் மாத்திடுங்க."

"நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச?"

"படிச்சவங்க சொன்னதத்தான் சொல்றேன். உங்களுக்குத்தான் காது கேக்கல."

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவனுக்கு மூக்கில் சொட்டு மருந்து விட்டேன். இருமல் சிரப் கொடுத்தேன். அது போதாது என்று தெரியும். அதனால்தான் விளையாட்டு. இருமல் வந்தால் விழுங்கிவிட வேண்டும். வெளியே வந்துவிட்டால் டாடி ஜெயித்தார். முதலில் தோற்று அழுதான். சாப்பாட்டு நேரத்துக்குள் என்னைத் தோற்கடித்துவிட்டான். கண்ணில் நீர் முட்டும், கழுத்து நரம்பு புடைக்கும், வாயைத் திறக்க மாட்டான்.

காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்ரீரஞ்சனி அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"ஹீரோ வந்தாச்சா? போன தடவ என் ஸ்டெத்த கடிச்சது யாரு?"

"அது நல்லாவே இல்ல ஆன்ட்டி" என்றான்.

அவர் சிரித்தார். ஸ்டெத்தை முன்னும் பின்னும் வைத்துக் கேட்டார். "நெஞ்சு க்ளியராத்தான் இருக்கு. கிளெமென்ட், நிஜமா சொல்லுங்க. இருமல்?"

"இல்ல."

"மூக்கு ஒழுகல்?"

"ஒரு மாசமா ஒண்ணுமில்ல டாக்டர்."

"நைட்ல?"

"நான் பக்கத்துலதான் படுக்கறேன்."

"ஆன்ட்டி, நான் ஒரு கேம்ல..." என்று டிரேவர் ஆரம்பித்தான். அவன் தோளை அழுத்தினேன். அப்போது அவனுக்கு இருமல் வந்தது. முகம் சிவந்தது. விழுங்கினான். என்னைப் பார்த்தான், ஜெயித்த பார்வை.

"ஏன்டா கண்ணு, அழுகை வருதா?" என்றார் டாக்டர்.

"பயப்படறான்" என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.

மயக்கத்தில் யாராலும் விளையாட முடியாது. குரல்வளை மூடிக்கொண்டது. தாடையை முன்னுக்குத் தள்ளி, முகமூடியை அழுத்திப் பிடித்து ஆக்சிஜன் செலுத்தினார். ஊசி போட்டார். குழாய் இறக்கினார். எல்லாம் முறைப்படி செய்திருக்கிறார் என்று வேறு டாக்டர்களும் சொன்னார்கள். அதற்குள் அவன் இதயம் நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்து சில நாளில் டாக்டர் பிரேசர் டவுனுக்கு, என் வீட்டுக்கு வந்தார். தனியாக. "நான் இன்னும் கவனிச்சிருக்கணும் கிளெமென்ட். மன்னிச்சிருங்க" என்றார். மேசைமேல் என் போன் பதிவு செய்துகொண்டிருந்தது. "பரவாயில்ல டாக்டர்" என்றேன். காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

அந்தப் பதிவைத்தான் புகாரோடு உங்களிடம் கொடுத்தேன். தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினேன். ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைத்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவரைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தவர்களையும் தெரியாது. எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. அவர் பட்டது போதவில்லை என்று தோன்றியது.

எனக்குக் கோபம் குறையவில்லை, சார். அத்தனை படித்தவர், அத்தனை கேள்வி கேட்டவர், கடைசியில் ஒரு அப்பன் சொன்ன வார்த்தையை நம்பியிருக்கிறார். சந்தேகப்படுவதுதானே அவர் வேலை.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். டிரேவருக்குச் சளி இருந்தது. என்ன ஆகும் என்று அவர் சொல்லியிருந்தார். தெரிந்தே மறைத்தேன். அவனையும் மறைக்க வைத்தேன்.

புகாரை மட்டும் வாபஸ் வாங்கச் சொல்லாதீர்கள். ஒரு குழந்தை செத்திருக்கிறது. யாராவது தண்டனை அனுபவித்தாக வேண்டும். நான்தான் ஏற்கெனவே அனுபவித்துவிட்டேனே.