என்னை விட மூத்த ஸ்பீக்கர்

"மெல்லமாய் வையடா, அது என்னை விட மூத்தது."

வெஸ்ட்மீட் போகும் ரயிலில் இரண்டு இளைஞர்கள். ஆளுக்கொரு பழைய மர ஸ்பீக்கர். யாரோ குப்பையென்று தெருவோரம் வைத்ததைத் தூக்கி வந்திருக்கிறார்கள்.

"கிழிஞ்சு கிடக்கு. எறியடா," என்றான் ஒருவன்.

"சுத்திவர இருக்கிற ஸ்பொஞ்சுதான் உக்கிப்போச்சு. புதுசு ஒட்டினால் சரி. பலகையைத் தட்டிப் பார், கல்லு மாதிரி. இன்னும் முப்பது வருசம் பாடும்."

"முப்பது வருசமோ? நீ முடிவு வரும்வரைக்கும் தாற பிரிட்ஜிங் விசாவிலை நிக்கிறாய். நாளைக்கே திருப்பி அனுப்பினாங்கள் எண்டால்?"

மற்றவன் தன் ஸ்பீக்கரை மடியோடு இறுக்கிக்கொண்டான்.

"விசாதான் தற்காலிகம். அதுக்காக என்ரை வீட்டிலை இருக்கிறதெல்லாம் தற்காலிகமா இருக்கோணுமோ? ஸ்டேஷன் வருது, உன்ரையைத் தூக்கு."