மருந்து என்று அவன் கேட்டது

எலிக்குக் கிச்சுகிச்சு மூட்டினால் பிடிக்கும். பலருக்கு இது தெரியாது. வயிற்றுப் பக்கம் விரலால் லேசாகக் கிளறிவிட்டால் ஓடிப்போகாது. இன்னும் வேண்டும் என்று கையைத் தேடி வரும். ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று முடிவு கட்டிவிட்டு நீங்கள் கேள்வி கேட்பதுபோல் தெரிகிறது, அதனால் சொல்கிறேன் ஐயா.

போதைப் பழக்கம்தான் என் ஆராய்ச்சி. கூண்டுக்குள் ஒரு சின்ன லிவர் இருக்கும். எலி அதை அழுத்தினால் மெல்லிய குழாய் வழியாக ஒரு துளி போதை ரத்தத்தில் இறங்கும். பழகிவிட்டால் தீனியைத் திரும்பிப் பார்க்காமல் அதையே அழுத்திக்கொண்டிருக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தம்பி ஞாபகம் வரும். அவனும் அப்படித்தான் சாப்பாட்டை மறந்தான், வேலையை விட்டான், பெண்டாட்டியை அவள் அம்மா வீட்டுக்குத் துரத்தினான்.

அம்மா ஊரில் இருக்கிறார். அவனை என்னிடம் கொண்டுவந்து விட்டபோது, "நீ படிச்ச படிப்புக்கு இவனை மீட்டுக் குடுத்துடு. வேற ஒண்ணும் கேக்கல" என்றார். மறுவாழ்வு மையத்தில் சேர்த்தேன். புது மாப்பிள்ளை மாதிரி திரும்பி வந்தான். பிறகு போதை விற்கிற அதே தெருமுனையில் போய் நின்றான். மறுபடியும் சேர்த்தேன், மறுபடியும் நின்றான்.

வீட்டில் அந்தச் சனியனின் பேரைச் சொல்ல மாட்டோம். 'மருந்து' என்போம். "மருந்து போட்டியா?" என்பேன், தலையைத் தொங்கப்போடுவான். எனக்குத் தலைவலி வந்தால்கூட மாத்திரை என்றுதான் சொல்வேன். மருந்து என்ற வார்த்தை அவனுக்கென்று ஆகிவிட்டது.

பக்கத்து அறையில் ஒட்டுண்ணிப் புழுக்களை ஆராய்கிறார்கள். அவற்றில் ஒன்று குடலில் குட்டி போடும். குட்டிகள் தசைக்குள் புகுந்து சுருண்டு படுத்துக்கொள்ளும். போதை ஆசையை அது மாற்றுமா என்று என் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். லிவரை அழுத்துவதை நிறுத்திவிட்டன. நான் கூண்டுக்கு முன்னால் நின்று அழுதுவிட்டேன்.

எங்கள் கால்நடை டாக்டரம்மா மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "அழுத்த மாட்டேங்குதா, இல்ல அழுத்த முடியலையா? சர்க்கரைத் தண்ணிக்கு லிவரை மாத்தி வெச்சுப் பாரும்மா. அதுக்கும் அழுத்தலன்னா ஆசை போகல, உடம்புதான் போயிருச்சு."

நியாயமான பேச்சு. ஒரு காலைப் பொழுதில் முடிகிற சோதனை. செய்யலாம், செய்யலாம் என்று தள்ளிப்போட்டேன். எனக்கிருந்த ஒரே நம்பிக்கையை என் கையாலேயே கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

தம்பி வாய்த்துடுக்குக்காரன். சாப்பிடும்போது ஒருநாள், "உன் எலிக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்லக்கா. என்னையும் ஒரு கூண்டுல போட்டுக் குணமாக்கேன்" என்றான். சிரித்தோம். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் அவன் பாலில் புழுக் குட்டிகளைக் கலந்தேன். சர்க்கரை தூக்கலாகப் போட்டேன், அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

வயிற்றுப்போக்கு வந்தது, காய்ச்சல் வந்தது, முகம் வீங்கியது. ஆனால் வீட்டை விட்டு இறங்கவில்லை. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு மாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தான். இருவரும் சந்தோஷமாக இருந்தோம். நான் இருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம், "தாங்க முடியலக்கா. ஏதாச்சும் மருந்து குடேன்" என்றான். எனக்கு நெஞ்சு உடைந்துவிட்டது. பழையபடி ஆரம்பித்துவிட்டான், கொடுத்த அளவு போதவில்லை என்று நினைத்தேன். இன்னொரு டம்ளர் பாலில் கூடுதலாகக் கலந்து எடுத்துப்போனேன்.

"இதுவா மருந்து?"

"ஆமாடா, குடி."

டம்ளரைப் பிடிக்க அவன் கையில் வலு இல்லை. நான் பிடித்துக்கொண்டேன். மிச்சம் வைக்காமல் குடித்தான்.

அவன் காய்ச்சலுக்குத்தான் கேட்டிருக்கிறான். பிறகு அவனே சொன்னான்: "உடம்பெல்லாம் முறுக்குதுக்கா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயேன்." புழுவைக் கொல்லும் மாத்திரை என் கைப்பையிலேயே இருந்தது. யோசித்தேன். கொடுத்தால் எழுந்துகொள்வான், எழுந்தால் தெருமுனைக்குப் போவான். "நாளைக்குப் போலாம்டா" என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். அவன் கேட்பதை நிறுத்துகிறவரை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. என் மடியில்தான் தலை வைத்திருந்தான். மூச்சு நின்றது எனக்கு உடனே தெரியவில்லை, தூங்குகிறான் என்று தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அவனை நான்தான் தூக்கி வளர்த்தேன் ஐயா. அவன் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போனபோது டாக்டரம்மா சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பார்த்திருந்தார். "அதுக்கும் அழுத்தலம்மா" என்றார். நான் ஏன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன் என்று கேட்டார், சொன்னேன். உங்களிடம் வந்து சொன்னது அவர்தான் போலிருக்கிறது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

பாலில் கலந்தது நான். மாத்திரையைக் கொடுக்காமல் வைத்திருந்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எப்படிச் செத்தான் என்று அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீங்கள்தான் சொல்லப்போகிறீர்கள் என்றால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புதைத்தவனைத் தோண்டியெடுத்துச் செய்த பிரேதப் பரிசோதனையில் அவன் உடம்பில் போதை துளிகூட இல்லை என்றீர்களே, அதை முதலில் சொல்லுங்கள். அம்மா நிம்மதியாக இருப்பார்.