முதல் வகுப்பு நிலம்

நிலம் அளப்பது அப்படியொன்றும் கடினமான வேலை இல்லை, ஐயா. வெயில் தாங்கும் உடம்பும், சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆளும் இருந்தால் போதும். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில், ஊருக்குக் குடிநீர் எடுக்கும் நிலையத்தில் நான் ஓவர்சீயர். பெயர் பிலோமின்ராஜ். பன்னிரண்டு வருடச் சர்வீஸில் என்மேல் ஒரு புகார் கிடையாது.

அறுபதாம் வருடம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நிலையத்துக்குச் சொந்தமான நிலம் முழுவதையும் மூன்று வகுப்பாகப் பிரிக்க வேண்டும். கிணற்றிலிருந்து இருநூறு அடிக்குள் இருப்பது முதல் வகுப்பு. அங்கே வீடு, மாடு, கக்கூஸ் எதுவும் கூடாது. அதற்கு வெளியே இரண்டாம் வகுப்பு. ஏற்கெனவே குடியிருப்பவர்கள் இருந்துகொள்ளலாம். ஆற்றை ஒட்டிய தாழ்ந்த படுகை மூன்றாம் வகுப்பு. நல்ல உத்தரவுதான். ஒரு பட்டணமே குடிக்கிற தண்ணீர்.

கிணற்று மேட்டில் ஒன்பது குடிசைகள் இருந்தன. நிலையம் கட்ட மண் சுமக்க வந்தவர்கள், வேலை முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டார்கள். ராசப்பன் என்பவன் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போவான். அவன் மனைவி வீரம்மாள் கீரை போட்டு விற்பாள். என் மனைவி லூர்துராணி அவளிடம்தான் கீரை வாங்குவாள். எனக்கும் அவளுக்கும் எந்த விரோதமும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என்ஜினீயர் முன்னால் நான் அளந்துகொண்டிருந்தேன். வீரம்மாள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடிசைகள் கிணற்றிலிருந்து முந்நூற்றுப் பத்து அடி. சங்கிலியைச் சுருட்டும்போது அவள் சொன்னாள்.

"ஏங்க, சார் ஊட்டுக் கக்கூஸுதான கெணத்துக்குக் கிட்டக்க இருக்கு. அதை அளக்கலியே?"

என்ஜினீயர் சிரித்துவிட்டார். "அட, ஆமாம். அளந்துடுங்க பிலோமின்ராஜ்."

சங்கிலி பிடித்தவனும் சிரித்தான். அளந்தேன். நூற்று நாற்பது அடி.

நிலையம் எனக்குக் கொடுத்திருந்த அந்தக் குவார்ட்டர்ஸில் நான் வைத்த கொய்யா மரம் அந்த வருடம்தான் காய்த்திருந்தது. லூர்துராணிக்கு மாதா கோயில் நடக்கிற தூரம். இதெல்லாம் காரணம் என்று சொல்லவில்லை. பத்து நாள் கழித்து வரைபடத்தை எடுத்துக்கொண்டு என்ஜினீயரிடம் போனேன். அன்று தவறிப்போய் மூடிக் கிடக்கும் பழைய கிணற்றிலிருந்து அளந்துவிட்டோம், திரும்ப அளந்து சரிசெய்துவிட்டேன் என்றேன். படத்தில் என் வீடு முந்நூற்றுப் பத்து அடியிலும் குடிசைகள் நூற்று நாற்பது அடியிலும் இருந்தன. அவருக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்த நேரம். கையெழுத்துப் போட்டார்.

குடிசைகளைப் பிரித்துப் படுகைக்கு அனுப்பினேன். மேட்டைச் சுற்றி ஏழடி முள்கம்பி வேலி போட்டேன். படுகையிலிருந்து கரைச் சாலைக்கு ஏற மேட்டின் வழியாகத்தான் வர வேண்டும். மற்ற பக்கங்களில் வாய்க்கால். அதனால் வேலியில் ஒரு கேட் வைத்து, பூட்டில்லாமல் கொண்டி மட்டும் போட்டு வைத்தேன். போகட்டும், வரட்டும் என்றுதான். நான் இரக்கமில்லாதவன் அல்ல.

கிளம்பும்போது வீரம்மாள் அழவில்லை. "தண்ணி யாரு ஊட்டு அழுக்கக் குடிக்குதுன்னு அதுக்குத் தெரியும் சார்" என்றாள். நாலு பேர் கேட்க.

அடுத்த வருடம் ஆடி. காலை பத்து மணிக்குச் சேவகன் ஒரு தாள் கொண்டுவந்தான். மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், படுகையில் இருப்பவர்களை உடனே கரையேற்றவும் என்று இருந்தது. படித்தேன். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டேன். தாளை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

மதியம் தண்ணீர் வந்தது. ஆண்கள் ஆலைக்குப் போயிருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் கேட்டருகே கூடிவிட்டார்கள். நான் உள்ளே நின்றிருந்தேன். தண்ணீர் அவர்கள் முழங்காலுக்கு இருந்தது, பிறகு இடுப்புக்கு.

வீரம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "சார், என்னைய உட வேணாம். புள்ளைங்கள மட்டும் உள்ள உடுங்க."

"இது முதல் வகுப்பு நிலம்" என்றேன். "உள்ளே மனுஷங்க வரக் கூடாது. உத்தரவு."

லூர்துராணி வீட்டுவாசலிலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "தொறந்து உடுங்களேன், மாதாவே, தொறந்து உடுங்க!" அவளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

வீரம்மாள் நான்கு பிள்ளைகளைத் தூக்கி வேலிக்கு மேலாக இந்தப் பக்கம் போட்டாள். முள் கிழித்தது, ஆனாலும் அவை பிழைத்தன. நான் அவற்றைத் திருப்பி அனுப்பவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாவது பிள்ளையைத் தூக்கும்போது அவளுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. அவளோடு சேர்த்து ஏழு பேர் போனார்கள். ராசப்பன் மறுநாள் வந்து கேட்டருகே உட்கார்ந்தான்.

வெள்ளத்தில் கேட் இறுகிக்கொண்டது என்று முதலில் எழுதிக்கொடுத்தேன். அது பொய். கொண்டி மட்டும் போட்டிருந்த கேட்டுக்கு அன்று பத்தரை மணிக்கு நானே நடந்துபோய்ப் பூட்டுப் போட்டேன். தாளைப் படித்த பிறகு. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

கோபமா என்று கேட்கிறீர்கள். இல்லை, ஐயா. திறந்திருந்தால் அவள் மேட்டில் ஏறி, ஈரத்தோடு நின்று, என் வீட்டைத் திரும்பிப் பார்த்திருப்பாள். எனக்குத் தண்ணீரைப் பற்றித்தான் கவலை.